ஸ்கேனரும் தங்கதுரையின் மாமியாரும்

பட்டறை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னை எங்கே பார்த்தாலும் நலம் விசாரித்து முடிப்பதற்குள் போனை நீட்டிவிடுகிறார்கள். "அக்கா, இந்த ஸ்கேனர் வாங்கலாமா? இந்த ஆப் எப்படி?" ஓய்வு பெற்றவளிடம் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. போகட்டும். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். ஆனால் ஒரே வரியில் சொல்ல எனக்கு வராது. ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால் விற்கிறவனிடம் கேளுங்கள், அவனுக்கு எல்லாமே நல்ல ஸ்கேனர்தான்.

நான் ஸ்பேனர் பிடித்தவள் இல்லை. திண்டுக்கல்லில் வத்தலக்குண்டு சாலையில் இருக்கிற ஒரு கார் பட்டறையில் முன்மேசை என்னுடையது. வருகிற வண்டியை வாங்கி வைக்க வேண்டும். உடையவர் வாயாலேயே போட்டுக் காட்டுகிற சத்தங்களைச் சிரிக்காமல் கேட்க வேண்டும். அதை மெக்கானிக்குக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். அப்புறம் மெக்கானிக் சொல்வதை உடையவருக்கு மயக்கம் வராத மாதிரி சொல்ல வேண்டும். இதில் கடைசி வேலைதான் கஷ்டம்.

நான் சேர்ந்த புதிதில் எங்களுக்கு ஒரு போர்மேன் இருந்தார். பெரியவர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒருநாள் ஒரே மாதிரி இரண்டு வெள்ளை வண்டிகள் வந்து பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று கிளட்ச் மாற்ற வந்தது. இன்னொன்று ஒரு டாக்டருடையது, வெறும் ஆயில் மாற்ற வந்தது. சாயங்காலம் டாக்டர் வந்து தன் வண்டியைத் தேடினார். அதில் பாதி தரையில் கிடந்தது. எங்கள் ஆட்கள் அக்கறையாக அவருடைய நல்ல கிளட்சைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தார்கள். கிளட்ச் போன வண்டிக்குப் புது ஆயில் ஊற்றித் துடைத்தும் வைத்திருந்தார்கள். பெரியவர் யாரையும் திட்டவில்லை. தன்னுடைய பழைய ஸ்கூட்டரை டாக்டரிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் ஒரு சட்டம் போட்டார். இனிமேல் எந்த வண்டியில் கை வைத்தாலும் முதலில் அதன் நம்பரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். முன்மேசை அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். பிறகுதான் பானட்டைத் திறக்கலாம்.

அன்று முதல் எங்கள் பட்டறையில் ஏலக்கடை மாதிரி நாள் முழுக்க நம்பர் கேட்டுக்கொண்டே இருக்கும். வெளியாட்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எனக்குத் தூக்கத்தில்கூட வாயில் நம்பர் வருவதாக என் வீட்டுக்காரர் சொல்வார். இந்தச் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

எங்களிடம் முன்பு, வண்டியில் சொருகினால் அதன் குறையைப் படித்துச் சொல்கிற, வயர் வைத்த பழைய ஸ்கேனர் ஒன்று இருந்தது. அது எப்படிச் செத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். ஆயுதபூஜைக்கு ஸ்பேனர் முதல் ஜாக்கி வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். ஸ்பேனருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஸ்கேனருக்கு எங்கே வைப்பது, அதற்கு முகம் எது என்று ஒரு பேச்சு வந்தது. திரையில் வைத்தால் எழுத்து மறையும். அதனால் வண்டியில் சொருகுகிற முனைதான் முகம் என்று முடிவு செய்து, ஊசிகளுக்கு நடுவில் வருஷா வருஷம் சந்தனத்தை அப்பினார்கள். போதாக்குறைக்கு மாதா கோயில் திருவிழா முடிந்து வந்தால் நான் வேறு கொஞ்சம் தீர்த்தம் தெளிப்பேன். கடைசியில் எந்த வண்டியில் சொருகினாலும் வண்டியே இல்லை என்று அது சொல்ல ஆரம்பித்தது. எங்கள் எல்லோருடைய பக்தியும் சேர்ந்துதான் அதை முடித்தது.

முதலாளி புதிதாக வாங்கச் சொன்னார். வயர் இல்லாததாக, போனில் பார்க்கிற மாதிரி வேண்டும் என்றார். மெக்கானிக்குகள் ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். முதலாளி என் பக்கம் திரும்பினார். "பிலோமினா, நீயே பாத்து ஒண்ணச் சொல்லும்மா. கஸ்டமர்ட்ட அந்தத் திரையக் காட்டிப் பேசப்போறது நீதான்." அப்படித்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது. உதிரிபாகக் கடையில் இருந்து மூன்று ஸ்கேனர்களைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரச்சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியவை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் சொருகிவிட்டால் இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்வதை வாங்கிப் போனுக்கு அனுப்பும்.

முதலாவது வைஃபையில் ஓடுவது. அதனோடு போன் பேசும்போது உலகத்தில் வேறு யாரோடும் பேசாது. நெட் போய்விடும். அதன் ஆப் திறந்த உடனே என் போனில் இருக்கிற பெயர்களைப் பார்க்கலாமா, படங்களைப் பார்க்கலாமா, நான் எங்கே இருக்கிறேன் என்று பார்க்கலாமா என்று கேட்டது. வண்டியின் காய்ச்சலைப் பார்க்க என் நாத்தனார் நம்பர் எதற்கு? அது தமிழிலும் பேசும் என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பதை 'தீயைக் காணவில்லை' என்று சொன்னது. திரையில் தீ என்ற எழுத்தைப் பார்த்ததும் ஒரு கஸ்டமர் செருப்பை வண்டிக்குள்ளேயே விட்டுவிட்டு வெளியே குதித்தார். அதை அன்றைக்கே டப்பாவில் போட்டு மூடினேன்.

இரண்டாவது புளூடூத். விலை குறைவு, பார்க்க அழகு. விமானத்தில் இருக்கிற மாதிரி வட்ட வட்டமாக மீட்டர்கள், அதில் ஊசிகள். ஆனால் குறையின் பெயரைக் காட்டுவதற்கு முன்னால் தலைமுடி எண்ணெய் விளம்பரம் ஒன்றைக் காட்டியே தீரும். கீழே, காட்டிய குறைகளை அழிக்க, பச்சை நிறத்தில் 'கிளியர்' என்று பெரிய பொத்தான் ஒன்று. பார்த்தால் விரல் தானாக அதன் மேல் போகும்.

மூன்றாவது அழகே இல்லை. வேகமும் இல்லை. சொருகினால் உடனே சேராது. முதலில் வண்டியின் கம்ப்யூட்டரில் இருக்கிற, வண்டிக்கு வண்டி மாறுகிற சேசிஸ் நம்பரைப் படித்துத் திரையின் உச்சியில் போடும். 'இந்த வண்டிதானா?' என்று கேட்கும். ஆம் என்று அழுத்தினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். எதையாவது அழிக்கப் போனால் மறுபடி கேட்கும். எங்கள் பையன்கள் அதற்கு தாசில்தார் என்று பெயர் வைத்துவிட்டு இரண்டாவதையே வாங்கச் சொல்லி என் உயிரை எடுத்தார்கள்.

அவர்களுக்குப் பக்கபலமாக வந்து சேர்ந்தவர் தங்கதுரை. பழைய கார் வாங்கி விற்கிற தரகர். எங்கள் பட்டறைக்கு நிறைய வண்டிகளை அனுப்புகிறவர், அதனால் முதலாளிக்கு அவர்மேல் தனி மரியாதை. வெள்ளைச் சட்டை, இரண்டு போன், வாசலில் பேசினால் பின்சுவர் வரை கேட்கிற குரல். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சந்தேகமே வராத மனிதர், அவ்வளவுதான். அவருடைய சொந்த வண்டியில் அந்த இரண்டாவது வகை ஸ்கேனர் எப்போதும் சொருகியே கிடக்கும், நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்.

"பிலோமினாக்கா, கண்ண மூடிக்கிட்டு இத வாங்குங்க. காலைல எந்திரிச்சதும் பல்லு விளக்குற மாதிரி, நான் இந்தக் கிளியர ஒரு அமுக்கு அமுக்கிருவேன். இன்ஜின் லைட்டு போயிரும். வண்டி கோயில் மணி மாதிரி ஓடும்."

"எதுக்குண்ணே லைட்டு வருதுன்னு படிச்சுப் பாக்க மாட்டீங்களா?"

"போறத எதுக்குக்கா படிக்கணும்?"

நான் அவருக்கு ஒரு டீ சொன்னேன்.

இனிதான் விஷயம். பழனியில் பங்குனி உத்திரத்துக்குக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்த நேரம். வெயில் கொளுத்துகிறது. எங்கள் போர்மேன், பெரியவருக்குப் பிறகு வந்தவர், வழியில் நின்றுபோன வேன் ஒன்றைப் பார்க்க ஆட்களோடு போயிருந்தார். வத்தலக்குண்டில் இருந்து செல்லப்பாண்டி தன் டாக்சியைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். பழனிக்கும் கொடைக்கானலுக்கும் ஆட்களை ஏற்றிப் போகிறவன். ரொம்ப நாள் அடுத்தவர் வண்டிக்கு டிரைவராக இருந்து, பேச்சு வாங்கி, அதன் பிறகு சொந்தமாக எடுத்த முதல் வண்டி அது. இன்ஜின் லைட் எரிகிறது, மலை ஏறும்போது திக்குகிறது என்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஸ்டாண்டுல எல்லாரும் இன்ஜின் போச்சுங்கிறாய்ங்கக்கா. இன்ஜின இறக்கணும்னா என்னால ஆகாது. சீசன் நேரம். வித்துட்டு மறுபடி எவன் வண்டிக்காவது டிரைவராத்தான் போகணும்."

"போர்மேன் வரட்டும் அப்பு. பாக்காம எதுக்கு அழுகுற? உக்காரு" என்றேன்.

அவன் உட்காருவதற்குள் தங்கதுரை வந்துவிட்டார். தன் வண்டியை வாசலை ஒட்டி, செல்லப்பாண்டி வண்டிக்கு எதிரிலேயே நிறுத்தினார். பின்சீட்டில் அவருடைய மாமியார், மடியில் பூக்கூடை. பாலசமுத்திரத்துப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிற அம்மா. அவர்கள் வந்திருந்த அந்தக் காரையே அந்த அம்மா தன் மகனுக்காக மாப்பிள்ளையிடமே வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. பழனி அடிவாரத்தில் பூஜை போட்டுவிட்டுப் பெயர் மாற்றப் போகிறார்கள். இதையெல்லாம் இறங்கும்போதே ஊருக்குக் கேட்கிற மாதிரி தங்கதுரை சொல்லிவிட்டார். மாமியாருக்கு வெயில் ஆகாது என்று இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே வந்தார்.

செல்லப்பாண்டியின் முகத்தைப் பார்த்ததும் தரகருக்குக் கை பரபரத்தது. "போர்மேன் வர்றவரைக்கும் தம்பி நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா? நான் பாத்துச் சொல்றேன்" என்று என் மேசைமேல் இருந்த இரண்டாவது ஸ்கேனரை எடுத்துக்கொண்டு போய் டாக்சியில் சொருகினார். நான் வேண்டாம் என்பதற்குள் செல்லப்பாண்டி சாவியைப் போட்டு ஒரு திருப்பு மட்டும் திருப்பிவிட்டான். தங்கதுரை தன் போனில் ஆப்பைத் திறந்தார். டிங் என்றது. எண்ணெய் விளம்பரம் ஓடி முடிந்தது. திரை முழுக்கச் சிவப்பு.

அவர் வாசித்தார். தேர்தல் முடிவு வாசிக்கிறவர்கூட அவ்வளவு நிதானமாக வாசிக்க மாட்டார். "மூணாவது சிலிண்டர் எரியல. புகைய வடிகட்டுற கன்வெர்ட்டர் அவுட்டு. பெட்ரோல் கலவை தப்பு. இன்னும் இருக்கு, நான் படிக்கல, தம்பி தாங்க மாட்டாப்ல." பிறகு போனைத் தட்டிக் காட்டிச் சொன்னார். "தம்பி, போன் பொய் சொல்லாது. இந்த வண்டிய வாங்குறவன் கண்ணத் தொறந்துக்கிட்டே கெணத்துல விழுறான். ஆனாலும் நீ கஷ்டப்படுறவன். நான் எடுத்துக்கிறேன், இப்பவே." ஒரு விலையும் சொன்னார். அந்த விலைக்கு ஒரு நல்ல பசுமாடுகூடக் கிடைக்காது.

செல்லப்பாண்டி வீட்டுக்குப் போன் போட்டான். "வண்டி அம்புட்டுத்தானாம்" என்றான். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவன் 'ம்' என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். பிறகு சாவியை உருவிக் கையில் எடுத்தான். வளையத்தில் கார் சாவியோடு வீட்டுச் சாவியும் சின்னதாக ஒரு முருகனும் தொங்கின. வீட்டுச் சாவியை முதலில் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். முருகனைக் கழற்ற நகம் நுழையவில்லை.

நான் என்ன செய்ய முடியும்? சிவப்பாக எரிகிற திரைக்கு எதிரே, இது தப்பு என்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. தங்கதுரையோ முதலாளிக்கு வேண்டியவர். அவரைப் பகைத்துக்கொண்டு நான் தடுத்து, நாளைக்குப் போர்மேனும் இன்ஜின் போச்சு என்று சொல்லிவிட்டால், நல்ல கிராக்கியைக் கெடுத்த பாவமும் எனக்குத்தான். அந்த நேரத்தில் என் மூளை வேலை செய்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பழக்கம்தான் வேலை செய்தது. வண்டியில் யாரோ கை வைத்துவிட்டார்கள், நம்பர் என் காதில் விழவில்லை.

"நம்பர் என்ன?" என்று கத்தினேன்.

"எதுக்குக்கா இப்ப நம்பர்?" என்றார் தங்கதுரை.

"நம்பர் சொல்லாம இங்க எந்த வண்டியயும் தொட மாட்டோம்ணே. அப்பு, நீ சொல்லு."

செல்லப்பாண்டி சொன்னான். நான் திரும்பச் சொன்னேன். "சரி. இப்ப உங்க போன் எந்த வண்டியப் பாக்குதுன்னு நம்பர் காட்டச் சொல்லுங்க."

"அதுல நம்பரெல்லாம் வராதுக்கா. இது என்ன ஆதார் கார்டா?" என்று சிரித்துக்கொண்டே திரையை என் பக்கம் திருப்பினார். நம்பர் இல்லைதான். ஆனால் அந்த அழகான வட்ட மீட்டரில் இன்ஜின் ஓடுகிற வேகத்தைக் காட்டும் ஊசி மேலே ஏறி நின்று லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நான் செல்லப்பாண்டியின் கையைப் பார்த்தேன். சாவி அவன் கையில் இருந்தது.

"ஏப்பு, வண்டி ஸ்டார்ட்ல இருக்கா?"

"இல்லக்கா. ஸ்டார்ட்டே பண்ணல. சாவிய இப்பத்தான் உருவுனேன்."

"பெறகு போன்ல எப்படி ஓடுது?"

தங்கதுரை போனை உதறிப் பார்த்தார். "அது பழைய ரீடிங். செத்த நேரத்துல எறங்கிரும்." நின்று பார்த்தோம். இறங்கவில்லை. வெளியே தங்கதுரை வண்டியில் ஏசி கம்ப்ரசர் 'டக்' என்று விழுந்து இன்ஜின் கொஞ்சம் உறுமியது. போனில் ஊசி கொஞ்சம் மேலே போனது. நான் வெளியே போனேன்.

தங்கதுரை வண்டியின் முன்கதவைத் திறந்தேன். பின்சீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "ஏனுங் அம்மிணி, எங்க மாப்ளை இன்னும் வரலீங்களா? கோயிலுக்கு நேரமாகுதுங்க."

"வந்துருவாரும்மா. செத்த நேரம் ஏசிய நிறுத்துறேன், பொறுத்துக்கங்க" என்று இன்ஜினை அணைத்து, கம்ப்யூட்டர் மட்டும் விழித்திருக்கும்படி சாவியை மறுபடி ஒரு திருப்பு மட்டும் திருப்பி விட்டேன்.

உள்ளே இருந்து தங்கதுரை குரல் வந்தது. "ஐயையோ, ஊசி விழுந்துருச்சு!"

ஸ்டார்ட் செய்தேன். "ஏறிருச்சு! ஏறிருச்சு!"

மறுபடி அதே மாதிரி அணைத்தேன். "பாத்தியா தம்பி, ஒன் வண்டி நிக்கிற எடத்துலயே இப்பிடி இழுத்துக்கிட்டு கெடக்கு! இதுல போய் மலையேறப் பாத்தியே!"

செல்லப்பாண்டிக்குத்தான் முதலில் புரிந்தது. அவன் வாசல் வழியாக வெளியே பார்த்தான். என் கை தங்கதுரை வண்டியின் சாவிமேல் இருப்பதைப் பார்த்தான். பிறகு தன் வண்டிக்குள் குனிந்து, சொருகியிருந்த ஸ்கேனரை ஒரே இழுப்பாகப் பிடுங்கி, தங்கதுரையின் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தான். ஸ்கேனர் வண்டியில் இல்லை, கையில் இருக்கிறது. போனில் சிவப்பு அப்படியே இருந்தது.

"அண்ணே," என்றான், "இம்புட்டு நேரம் எந்த வண்டியப் படிச்சீங்க?"

நடந்தது இதுதான். அந்த வகை ஸ்கேனர்கள் எல்லாவற்றுக்கும் போனில் ஒரே பெயர்தான் வரும். தங்கதுரையின் போன் தினமும் பழகியது வெளியே நிற்கிற அவர் வண்டியின் ஸ்கேனரோடு. பக்கத்தில் அது இருந்ததும் நேரே அதனோடு போய் ஒட்டிக்கொண்டது. டாக்சியில் சொருகிய புதியதை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தங்கதுரை வெளியே வருவதற்குள் அந்த அம்மா கண்ணாடியை இறக்கியிருந்தார். ஏசி நின்றதில் வேர்த்திருந்தது. "ஏனுங் மாப்ளை, உள்ள ஏதோ வண்டிய வாங்குறவன் கெணத்துல விழுறான்னு சொன்னீங்களே, கண்ணாடி ஏத்தியிருந்தும் எனக்குக் கேட்டுச்சுங்க. அது எந்த வண்டிங்க?"

தங்கதுரை என்னைப் பார்த்தார். நான் வாசலில் இருக்கிற வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"அத்தை, அதெல்லாம் ஒண்ணுமில்ல. இப்பப் பாருங்க" என்று அவர் போனில் அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்தினார். சிவப்பெல்லாம் மறைந்தது. "பாத்தீங்களா? சுத்தமாயிருச்சு!"

அந்த அம்மா போனை வாங்கிப் பார்த்தார். மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார். "எழுத்த அழிச்சா வண்டி சரியாயிடுமுங்களா?"

"ஆயிரும் அத்தை."

"அப்பறம் எதுக்குங்க அந்தப் பையனக் கெணத்துல தள்ளப் பாத்தீங்க? அவனுக்கும் அழிச்சு உட்டிருந்தாப் போதுமுல்லீங்க?"

நான் இத்தனை வருஷம் முன்மேசையில் எத்தனையோ வாக்குவாதம் கேட்டிருக்கிறேன். இதைப்போல ஒன்று கேட்டதில்லை.

அப்போதுதான் நான் தாசில்தாரை எடுத்தேன். செல்லப்பாண்டி வண்டியில் சொருகினேன். அது வழக்கம்போல மெதுவாக யோசித்து, சேசிஸ் நம்பரை உச்சியில் போட்டு, 'இந்த வண்டிதானா?' என்று கேட்டது. செல்லப்பாண்டி தன் ஆர்.சி.யை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துவிட்டு ஆம் என்று அழுத்தினான். அது சுற்றிக்கொண்டே இருந்தது, எனக்கு ஜெபமே வந்துவிட்டது. கடைசியில் ஒரே ஒரு வரி வந்தது. புகைக்குழாயில் இருக்கிற ஆக்சிஜன் சென்சாரில் இருந்து தகவல் வரவில்லை. அவ்வளவுதான். மூன்றாவது சிலிண்டரும் இல்லை, கன்வெர்ட்டரும் இல்லை.

போர்மேன் வந்ததும் பானட்டைத் திறந்தார். நம்பர் சொல்லிவிட்டுத்தான் திறந்தார். உள்ளே சென்சார் வயரை எலி கடித்து வைத்திருந்தது. பக்கத்திலேயே அது குடும்பம் நடத்திய இடம். பஞ்சாமிர்த டப்பாவின் மூடி ஒன்று, வெல்லம் ஒட்டி, பல் பதிந்து கிடந்தது. செல்லப்பாண்டி தலையில் அடித்துக்கொண்டான். "போன வாட்டி ஏறுன சாமிக டப்பா ஒடைஞ்சு டிக்கியெல்லாம் கொட்டிருச்சுண்ணே. தொடச்சுத்தான் விட்டேன்." போர்மேன் சிரித்தார். "நீ தொடச்ச. எலி மிச்சத்தத் தொடச்சிருக்கு." வயரைச் சேர்த்துச் சுற்றி, ஓட்டிப் பார்த்து, இறங்கி வந்தார். திக்கல் போய்விட்டது. பழனி வழியில் வண்டி ஓட்டுகிறவர்கள் யார் வந்தாலும் அன்று முதல் நான் முதலில் கேட்பது பஞ்சாமிர்தம் கொட்டியதா என்பதுதான். நீங்களும் கேளுங்கள்.

சரி, நீங்கள் கேட்டதற்குப் பதில். நாங்கள் தாசில்தாரைத்தான் வாங்கினோம். ஆனால் அதையே வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு வேறு ஒன்று வரும், அதற்கு வேறு பெயர் வைப்பீர்கள். உங்கள் போனோடு அது சேருமா என்று முதலில் பாருங்கள், எல்லா ஸ்கேனரும் எல்லா போனோடும் பேசாது. கடையில் கேட்கும்போது ஒரு வண்டியில் போட்டுக் காட்டினால் தலையாட்டாதீர்கள். இரண்டு வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டிலும் சொருகி, எந்த வண்டியைப் படிக்கிறாய் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத ஆப் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். வாங்கிய பிறகும், படித்து முடிக்கும்முன் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதியுங்கள், போனில் ஊசி கூடவே ஏறுகிறதா பாருங்கள். அழிக்கிற பொத்தான் வேலை முடிந்தபின் அழுத்துவதற்கு, வேலைக்குப் பதிலாக அழுத்துவதற்கு இல்லை. முடிந்ததும் பிடுங்கி டப்பாவில் போடுங்கள். ஆயுதபூஜைக்குச் சந்தனத்தை அந்த டப்பாவின் மூடியில் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

திரை எப்போதும் தைரியமாகத்தான் பேசும். எந்த நேரத்திலும் எதிரே ஒரு ஆள் சாவி வளையத்தில் நகத்தை வைத்துக்கொண்டு நிற்பான். உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவனுக்காக இன்னும் ஒரு தடவை நம்பர் கேட்டால் உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அன்றைக்கு மிச்சம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். செல்லப்பாண்டி சட்டைப்பையில் இருந்த வீட்டுச் சாவியை எடுத்து மறுபடி வளையத்தில் கோத்தான். முருகன் கடைசிவரை கழன்றிருக்கவே இல்லை. அதற்குள் தங்கதுரையின் மாமியார் பூக்கூடையோடு இறங்கி அவன் வண்டி அருகே போய் நின்றிருந்தார்.

"ஏனுங் தம்பி, பழனிக்கு வருவீங்களா?"

"வாரேன்மா. ஏறுங்க."

"ஏசி இருக்குதுங்களா?"

"இருக்கும்மா. நல்லா இருக்கு."

அந்த அம்மா ஏறிக்கொண்டார். மாப்பிள்ளையைப் பார்த்து, "நீங்க வண்டியப் பாத்துட்டு மெதுவா வாங்க மாப்ளை" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார். டாக்சி திக்காமல் திணறாமல் சாலையில் ஏறிப் போனது.

தங்கதுரை வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். கார் சாவியை மேசைமேல் வைத்தார்.

"அக்கா, வண்டிய விட்டுட்டுப் போறேன். என்னன்னு பாருங்க."

"நம்பர் சொல்லுங்கண்ணே" என்றேன்.

முணுமுணுத்தார்.

"கேக்கலண்ணே. சத்தமா."

சொன்னார். பின்சுவர் வரை கேட்டது. நான் திரும்பச் சொன்னேன்.